ஊசி என்றால் எந்த ஊசி? வயதான நாய், பூனைக்கு வலி குறைக்கும் வழிகள்

“ஊசி போட்டுப் பார்க்கலாம்” என்று டாக்டர் சொன்னதும் அம்மா மணியின் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மணிக்கு அப்போது 13 வயது. பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்து, படுத்த இடத்திலிருந்து எழ இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. வயதான நாய்க்கு ஊசி என்றதும் அம்மா நினைத்தது, வலியில்லாமல் உயிரை முடித்துவைக்கும் கடைசி ஊசியை. டாக்டர் சொன்னது மாதம் ஒரு தடவை தோலுக்கடியில் போடும் வலி ஊசியை. நானோ முந்தின இரவு முழுக்கப் படித்துவிட்டு அக்குபஞ்சர் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஐந்து நிமிடம் வெவ்வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த மூன்று ஊசிகளையும், கூடவே மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்குபஞ்சர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டு வலிக்கு அது வரிசையில் முதலில் நிற்கும் சிகிச்சை இல்லை. எடை, தரை, வலி மருந்து ஆகிய மூன்றையும் சரிசெய்துவிட்டு அதன்மேல் சேர்க்க வேண்டியது. சில விலங்குகளுக்கு மட்டும் அது முன்னால் வந்துவிடும்.

வலியா, வயசா

“வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று நாங்களும் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம். மணி படியேறுவதை நிறுத்தினான், வயசு என்றோம். வாசலில் ஆள் வந்தால் எழாமல் படுத்தபடியே குரைத்தான், சோம்பல் என்றோம். ராத்திரியில் படுக்கை மாற்றி மாற்றிப் படுத்து மூச்சு வாங்கியபோதுதான் சந்தேகம் வந்தது.

பூனை இன்னும் கள்ளத்தனம். நொண்டாது, கத்தாது. மேலே தாவுவதை மெதுவாகக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002இல் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்கு எங்காவது ஓரிடத்தில் மூட்டுத் தேய்மானம் இருந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலி என்று ஆகிவிடாது. ஆனாலும் எங்கள் சுந்தரியின் இடுப்புக்கு மேல் முடி ஏன் சிக்குப் பிடித்துக் கிடந்தது என்பதற்கு அந்த எண் ஒரு பதில். உடம்பை வளைத்து அந்த இடத்தை நக்க அவளால் முடியவில்லை. நகம் நீண்டு தரையில் ‘டக் டக்’ என்று ஒலிப்பதும், மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் பக்கத்திலேயே போய்விடுவதும் இதே வகை அறிகுறிகள்தான்.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். நொண்டலுக்குப் பின்னால் எலும்புப் புற்றுநோய் இருக்கலாம், முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம், சில சமயம் வளைந்து சதைக்குள் இறங்கிய ஒரு நகம் மட்டுமே இருக்கலாம். எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமல் நேரே அக்குபஞ்சருக்குப் போவதில் ஊசியால் பெரிய ஆபத்து இல்லை. வீணாகும் ஆறு வாரம்தான் ஆபத்து.

மாத்திரை

நாய்களின் மூட்டு வலிக்கு வழக்கமாக முதலில் எழுதித் தருவது ஸ்டீராய்டு அல்லாத வலி மாத்திரைகள்: கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் போன்றவை. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதை இவை குறைக்கின்றன. வேலை செய்யும் விதம் தெளிவு, ஆய்வுகளும் நிறைய. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே வித்தியாசம் கண்ணில் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போக உதவுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால்தான் தொடங்கும் முன்னும், பிறகு சில மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. கிராபிப்ராண்ட் என்ற சற்றுப் புதிய மருந்து புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்காமல், அது போய் ஒட்டி வலியைத் தூண்டும் ஒரு ஏற்பியை மட்டும் அடைக்கிறது. வயிறு ஒத்துக்கொள்ளாத சில நாய்களுக்கு அதைத் தருகிறார்கள்.

பூனைக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். மெலாக்சிகாமை எடுத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து உயிரே போகலாம் என்று அமெரிக்காவில் 2010இல் மருந்தின் குறிப்புச் சீட்டிலேயே கட்டம் போட்டு எச்சரிக்கை சேர்த்தார்கள். ஐரோப்பாவில் அதே மருந்தை மிகக் குறைந்த அளவில் நீண்ட காலம் கொடுக்க அனுமதி இருக்கிறது. அளவும் கண்காணிப்பும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்னொன்று: நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை கொன்றுவிடும். வீட்டு மருந்துப் பெட்டிப் பக்கமே போகாதீர்கள்.

நரம்பு சார்ந்த வலிக்கு காபாபென்டின் தருவதுண்டு. முதல் சில நாள் தள்ளாடும், அதிகம் தூங்கும். மனிதர்களுக்கான காபாபென்டின் சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கலாம், அது நாய்க்கு விஷம். மருந்துக் கடையில் மாத்திரை இல்லை, சிரப் இருக்கிறது என்றால் வாங்கிவிடாமல் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

மாத ஊசி

இது மருந்து உலகின் புதுவரவு. நரம்புகளுக்கு வலிச் செய்தியை ஏற்றிவிடும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம். பூனைக்கு ஃபுருனெவெட்மாப், நாய்க்கு பெடின்வெட்மாப். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பூனை ஊசிக்கு 2022 ஜனவரியிலும் நாய் ஊசிக்கு 2023 மேயிலும் அனுமதி தந்தது. மாதம் ஒன்று. மாத்திரையை வாய்க்குள் திணித்துக் கையில் கீறல் வாங்குகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

உடம்பு இதை மற்றப் புரதங்களைப் போலவே சிதைத்துவிடுவதால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் மாத்திரை தரும் அளவுக்குச் சுமை இல்லை. ஆனாலும் சிறுநீரக நோய் முற்றிய பூனைகளில் இதைச் சோதித்துப் பார்க்கவில்லை. நாய் ஊசியைப் பொறுத்தவரை, தள்ளாட்டம், வலிப்பு, கால் செயலிழப்பு போன்ற புகார்கள் வந்ததை அடுத்து 2024 டிசம்பரில் அதே கட்டுப்பாட்டு அமைப்பு கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மனிதர்களுக்காக இதே வழியில் தயாரித்த ஒரு மருந்து, சிலருக்கு மூட்டை வேகமாகக் கெடுத்ததால் சந்தைக்கே வரவில்லை. இதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை, நன்றாக நடக்க ஆரம்பித்த நாய்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே நரம்புக் கோளாறோ வலிப்போ உள்ள நாய் என்றால் நான் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் சம்மதிப்பேன். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரை என்றால் நாளைக்கே நிறுத்தலாம், இதன் வேகம் தணிய வாரக்கணக்கில் ஆகும்.

அக்குபஞ்சர்

மணியின் முதல் அமர்வில் கண்டதை அப்படியே எழுதுகிறேன். தரையில் பாய். டாக்டரும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். முதலில் ஊசியே எடுக்கவில்லை. முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். இடுப்புக்கு அருகே ஓரிடத்தில் மணியின் தோல் துடித்தது, தலையைத் திருப்பிப் பார்த்தான். “இங்கேதான்” என்றார். மூட்டில் இருக்கும் வலியை ஈடுகட்ட முதுகுத் தசைகள் கூடுதலாக இழுத்துப் பிடித்து, அவையும் வலிக்கத் தொடங்கியிருந்தன. எக்ஸ்ரே காட்டாத இதை அந்த விரல்கள் காட்டின. எனக்கு அந்த அரைமணி நேரத்தில் மிகவும் பயன்பட்டது இந்தத் தடவிப் பார்த்தல்தான் என்று இன்றும் தோன்றுகிறது.

ஊசிகள் மிக மெல்லியவை, கால் மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே துளையில்லாத திட ஊசி என்பதால் மருந்து ஊசி போலக் குத்தாது. முதல் ஊசி உச்சந்தலையில். அது அமைதிப்படுத்தும் புள்ளி என்கிறார்கள். அடுத்தது இடுப்பெலும்புகளுக்கு நடுவே பள்ளமாக இருக்கும் பாய் ஹுய் என்ற புள்ளியில். பிறகு முதுகின் இரு பக்கமும், கடைசியில் பின்னங்கால் முட்டிக்குக் கீழே. நான்காவது ஊசிக்கு மணி கொட்டாவி விட்டான். எட்டாவதுக்குத் தலையைத் தரையில் வைத்துவிட்டான். பத்து நிமிடம் கழித்து எழுந்து ஒரு உதறு உதறினான் பாருங்கள், இரண்டு ஊசிகள் பறந்தன! டாக்டர் பதறாமல் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். போட்டது 11 என்று குறித்து வைத்திருந்தார். பாயைத் தடவி 11ஐயும் எடுத்த பிறகுதான் எங்களை எழ விட்டார். எண்ணாமல் போடுகிறவரிடம் நான் என் நாயைக் கொண்டுபோக மாட்டேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு மொழிகளில் பதில் சொல்கிறார்கள். பழைய சீன மருத்துவம் உடம்பின் வழித்தடங்களில் ஓடும் ‘சீ’ என்ற ஆற்றலைப் பற்றிப் பேசுகிறது. அப்படி ஒரு வழித்தடத்தை யாரும் உடம்பைத் திறந்து காட்டியதில்லை. நவீன விளக்கம் நரம்புகளிலிருந்து தொடங்குகிறது. 1970களில் புரூஸ் பொமரன்ஸ் செய்த ஆய்வுகளில், அக்குபஞ்சரால் குறைந்த வலி நாலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் திரும்ப வந்தது. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்கு இதில் பங்கு இருப்பதற்கு அது தடயம், ஏனென்றால் நாலாக்ஸோன் அவற்றைத்தான் தடுக்கும். 2010இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று, ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடி வலியை மட்டுப்படுத்துவதைக் காட்டியது. ஊசிகளில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் முறையும் உண்டு. நொடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் ஒரு வகை வலிநீக்கிகளும் 100 கொடுத்தால் வேறொரு வகையும் சுரக்கின்றன. ஆக, வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எலியின் காலில் அடினோசின் கூடுவதும், மணி படியேறுவதும் ஒன்றில்லை.

ஆய்வு என்ன சொல்கிறது

கொஞ்சம் கசப்பான பகுதி இது. வீட்டு விலங்குகளில் அக்குபஞ்சர் பற்றி அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வுக் கட்டுரை 2006இல் வந்தது. பரிந்துரைக்கவும் போதுமான ஆதாரம் இல்லை, நிராகரிக்கவும் இல்லை என்று முடித்தார்கள். முதுகுத் தட்டு நழுவிப் பின்னங்கால் தளர்ந்த நாய்களில், மருந்தோடு மின் அக்குபஞ்சரும் சேர்த்தபோது சீக்கிரம் நடந்தன என்று 2007இல் ஒரு ஆய்வு வந்தது. இந்தத் துறையில் ஓரளவு நம்பிக்கை தரும் இடம் அதுதான். அதே மின் அக்குபஞ்சரை முழங்கை மூட்டு தேய்ந்த நாய்களில் பார்த்தபோது நொண்டலில் வித்தியாசம் இல்லை. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, பத்து நாய், ஐம்பது நாய் என்ற அளவில்.

“நாய்க்கு என்ன தெரியும், அதற்குப் பொய் மருந்து வேலை செய்யாது, முன்னேற்றம் தெரிந்தால் உண்மையான முன்னேற்றம்தான்” என்று ஒரு வாதம் அடிக்கடி கேட்கும். நாய்க்குத் தெரியாது, சரி. நமக்குத் தெரியுமே! மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்து, நடையைக் கருவியில் அளந்த ஒரு ஆய்வு 2012இல் வந்தது. கருவியில் மாற்றமே இல்லாதபோதும் உரிமையாளர்கள் சுமார் 57 சதவீதம் தடவை ‘முன்னேற்றம்’ என்றார்கள். கால்நடை மருத்துவர்களும் 40 சதவீதத்துக்கு மேல் ஏமாந்தார்கள். பணமும் நேரமும் பாசமும் கொட்டிய இடத்தில் பலன் தெரியாமல் இருக்குமா? இது அக்குபஞ்சருக்கு மட்டும் வைத்த குற்றச்சாட்டு இல்லை, மாத்திரைக்கும் மாத ஊசிக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவை பொய் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வடிகட்டியைத் தாண்டித்தான் அனுமதி வாங்கியிருக்கின்றன.

‘மென்மையான சிகிச்சை’ யாருக்கு மென்மை

அக்குபஞ்சரின் பக்க விளைவுகள் குறைவு. ஊசி போட்ட இடத்தில் துளி ரத்தம், அன்று கொஞ்சம் அசதி, எப்போதாவது ஒருநாள் வலி கூடுவது. ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ தோலில் தொற்று இருந்தாலோ தவிர்க்கிறார்கள். கட்டியின் மேல் குத்துவதில்லை. வலிப்பு உள்ள விலங்குக்கும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்த விலங்குக்கும் மின்சாரம் கொடுப்பதில்லை. பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். மருந்துகளின் குறிப்புச் சீட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் போக்குவரத்தைச் சேர்ப்பதில்லை. வழக்கமாக வாரம் ஒரு அமர்வு என்று நாலு முதல் ஆறு வாரம், பலன் இருந்தால் பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மணிக்கு வண்டி என்றால் கொண்டாட்டம். ஏற்றி இறக்கத்தான் ஆள் வேண்டும். சுந்தரிக்கு வண்டி என்றால் எமன். 15 வயது, சிறுநீரகம் பாதி போய்விட்டது. மாத்திரைக்கு வழியில்லாததால் அக்குபஞ்சருக்கு மிகப் பொருத்தமானவள் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். மூன்றாவது வாரம் கூடையை வெளியே எடுத்த சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சாயங்காலம் வரை சாப்பிட வரவில்லை. சிறுநீரகம் கெட்ட பூனை ஒருவேளை சாப்பாட்டை விடுவது சின்ன விஷயமில்லை. அம்மா கூடையைத் திரும்பப் பரண்மேல் வைத்துவிட்டார். “அவளுக்கு வலிக்கு மருந்து வேணும்டா, பயத்துக்கு மேல பயம் வேணாம்” என்றார். வீட்டுக்கே வரும் டாக்டர் கிடைத்திருந்தால் தொடர்ந்திருப்போம். பூனைக்கு அக்குபஞ்சர் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: டாக்டர் வீட்டுக்கு வருவாரா?

சிறுநீரக நோயில் பசியின்மையும் குமட்டலும் பெரிய தொல்லை. அதற்கு ஊசியைவிட நேரடியான வழிகள் உண்டு. வாந்தியை நிறுத்தும் மரோபிடன்ட், காது மடலின் உள்பக்கம் தடவும் மிர்டாசபின் களிம்பு. களிம்பு தடவிய மறுநாள் சுந்தரி தட்டைக் காலி செய்தாள்.

செலவில்லாத பகுதி

எடையைப் பற்றிப் பேசினால் யாருக்கும் பிடிப்பதில்லை, எனக்கும்தான். 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. குண்டான நாய் உடல் எடையில் 6 சதவீதம் குறைத்தாலே நொண்டல் குறைவதை 2010இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. 30 கிலோ நாய்க்கு அது 2 கிலோகூட இல்லை.

அப்புறம் தரை. வழவழப்பான தரையில் ஒவ்வொரு முறை எழும்போதும் கால் விரிந்து சறுக்குவது, தேய்ந்த மூட்டுக்கு ஒரு சின்ன விபத்து. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் பாய் போட்டோம். உள்ளங்காலுக்கு நடுவே வளர்ந்த முடியை வெட்டினோம். மணி அன்றைக்கே ஒரே முயற்சியில் எழுந்தான். இந்தப் பலனுக்கு எந்த ஊசியும் சொந்தம் கொண்டாட முடியாது.

லேசர், தண்ணீருக்குள் நடைப்பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் உண்டு. இதில் தசையை வளர்க்கும் பயிற்சிக்குத்தான் என் ஓட்டு, ஏனென்றால் தேய்ந்த மூட்டைத் தாங்குவது தசை. லேசரைக் கட்டியின் மேல் காட்டக் கூடாது. மீன் எண்ணெயின் ஒமேகா 3க்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, குளுக்கோசமைனுக்குக் குறைவு.

எந்த நிலைக்கு எது

மூட்டுத் தேய்மானம், ரத்தப் பரிசோதனை சுத்தம் என்றால் மாத்திரை அல்லது மாத ஊசி முதலில். அதில் வலி பாதி அடங்கிய பிறகு முதுகுத் தசை இறுக்கம் மிச்சம் இருந்தால் அக்குபஞ்சர். கல்லீரலோ சிறுநீரகமோ வழிவிடவில்லை, மருந்து எதுவும் வயிற்றில் தங்கவில்லை, ஆனால் அந்நியக் கைகளுக்குப் பயப்படாத விலங்கு என்றால் அக்குபஞ்சர் வரிசையில் முன்னால் வந்துவிடும்.

நேற்று வரை நடந்த நாய் இன்று பின்னங்காலை இழுக்கிறது என்றால் ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. அதன் கால்விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாத நிலை வந்துவிட்டால் அறுவை சிகிச்சையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அக்குபஞ்சர் அதற்குப் பிறகு, தேறி வரும் காலத்தில்.

எலும்புப் புற்றுநோய் வலிக்கு அக்குபஞ்சர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது வீட்டு விலங்குகள் படும் மிகக் கடுமையான வலிகளில் ஒன்று. ஓபியாய்டு என்ற மார்ஃபின் வகை வலிநீக்கி, வலி குறைக்கும் கதிர்வீச்சு என்று பலதையும் சேர்த்தே அடக்கப் பார்ப்பார்கள். அப்போதும் சில மாதம்தான்.

யாரிடம் போவது என்பதில் ஒரே விதி: முதலில் அவர் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும், அதன்மேல் அக்குபஞ்சர் படித்திருக்க வேண்டும். இதற்கான சர்வதேசக் கால்நடை அக்குபஞ்சர் சங்கம் 1974இலிருந்து இருக்கிறது, கால்நடை மருத்துவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. மனிதர்களுக்கு ஊசி போடுகிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் நாயின் உடலமைப்பு அவர் பாடத்தில் இருந்திருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். “ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்று முதல் நாளே சொல்கிறவரை எனக்கு நம்பிக்கை இல்லை.

நோட்டுப் புத்தகம்

அந்த 57 சதவீதத்தில் நாமும் சேராமல் இருக்க நாங்கள் செய்தது எளிமையானது. தொடங்கும் முன் மணி எழுந்து வாசல் வரை நடப்பதை ஒரே கோணத்தில் போனில் வீடியோ எடுத்தோம். அதையே ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தோம். நோட்டில் மூன்றே கேள்வி: எத்தனை முயற்சியில் எழுந்தான், ராத்திரி எத்தனை தடவை இடம் மாறினான், தெருமுனை வரை போய் வந்தானா. ஒரே வாரத்தில் இரண்டு புதுச் சிகிச்சை தொடங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இல்லையென்றால் எது பலித்தது என்றே தெரியாது. ஆறாவது வாரம் அந்த வீடியோக்களை வரிசை மாற்றிப் போட்டு, மணியை அதிகம் பார்த்திராத என் நண்பனிடம் “எது நன்றாக நடக்கிறான்?” என்று கேட்டேன். பாய் போட்டு, மாத ஊசியும் போட்ட பிறகு எடுத்ததைச் சரியாகப் பிரித்துவிட்டான். அக்குபஞ்சருக்கு முன், பின் என்பதை அவனால் பிரிக்க முடியவில்லை. நோட்டில் மட்டும் ஒரு மாற்றம் இருந்தது. ராத்திரி இடம் மாறுவது ஐந்திலிருந்து இரண்டாகியிருந்தது, அதுவும் அக்குபஞ்சர் போட்ட நாளிலிருந்து மூன்று நாலு இரவுகளுக்கு.

இந்தப் பலன் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். தூங்குகிற கிழ நாய்க்கும் தூங்காத கிழ நாய்க்கும் உள்ள வித்தியாசம் பக்கத்து அறையில் படுக்கிறவருக்குத் தெரியும். தொடர்ந்தோம். நோட்டில் எதுவுமே மாறியிருக்காவிட்டால் ஆறாவது அமர்வோடு நிறுத்தியிருப்பேன்.

அம்மா நினைத்த ஊசி

கடைசி ஊசியை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் மற்ற ஊசிகள் பலிக்காதபோது மேசைமேல் மிச்சம் இருப்பது அதுதான் என்பதை டாக்டர்கள் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள். புற்றுநோய் விலங்குகளைப் பார்க்கும் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் இதற்கு ஒரு அளவுகோல் தந்திருக்கிறார். வலி, பசி, தண்ணீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் 10 வரை மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது நியாயம் என்கிறார். வலி என்பதில் மூச்சுத் திணறலையும் சேர்த்திருக்கிறார், அதற்கே முதலிடம்.

அக்குபஞ்சரில் எனக்கு இருக்கும் ஒரே பயம் இங்கேதான். ‘ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்’ என்ற ஆறுதலை அது நமக்குத் தந்துவிடும். 20 மதிப்பெண்ணில் இருக்கும் விலங்கை வாரா வாரம் தூக்கிக்கொண்டு போவோம். சுந்தரியின் கடைசி மாதத்தில் அம்மா நாள்காட்டியில் நல்ல நாளுக்கு வட்டமும் கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறியும் போட்டுவந்தார். பெருக்கல் குறி தொடர்ந்து நாலு நாள் வந்தபோது அவரே டாக்டரைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். வந்தார். கூடையை வெளியே எடுக்கவில்லை.

மணிக்கு இப்போது 14. மாத ஊசி தொடர்கிறது, அக்குபஞ்சர் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. நோட்டில் புதிதாக நாலாவது கேள்வி ஒன்று சேர்த்திருக்கிறோம்: வாசலில் ஆள் வந்தபோது எழுந்து குரைத்தானா, படுத்துக்கொண்டா?